ஜீப்பில் மானிகள் பொருத்துவோம்

திருச்சிராப்பள்ளி மன்னார்புரம் சாலைச் சந்திப்பில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மதுரையை நோக்கிப் போகும் பேருந்துகளும், சென்னையை நோக்கி விரையும் லாரிகளும், நகருக்குள் திரும்பும் ஆட்டோக்களும் மாறி மாறிக் கடந்து செல்லும். அவற்றின் நடுவே உயரமான சக்கரங்களுடன் ஒரு ஜீப் வந்து நிற்கலாம். வாய்ப்புக் கிடைத்தால் அதன் உள்ளே எட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்குக்கு முன்னால் உள்ள டாஷ்போர்டில், வண்டியுடன் வந்த மானிகள் இருக்கும். சில ஜீப்புகளில் அவற்றுக்குக் கீழே ஒரு தகட்டை முடுக்கி, மேலும் இரண்டு மூன்று வட்ட மானிகளைப் பொருத்தியிருப்பார்கள்.

வண்டியை வடிவமைத்தவர்கள் தேவையானவற்றை வைக்காமலா விட்டிருப்பார்கள்? பிறகு எதற்காக இந்தக் கூடுதல் முட்கள்? அழகுக்காகப் பொருத்துகிறவர்களும் உண்டு. ஆனால் மலைப்பாதையிலும் காட்டுப்பாதையிலும் வண்டி ஓட்டுகிறவருக்கு அவை கண்ணையும் காதையும் போன்றவை. ஒவ்வொரு மானிக்குள்ளும் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல் விதி ஒன்று வேலை செய்கிறது. அதை அறிந்து பொருத்தினால் எஞ்சின் பிழைக்கும். அறியாமல் பொருத்தினால், அந்த மானிக்குப் போகும் ஒயரே வண்டிக்குத் தீ வைத்துவிடும். எப்படி என்று காண்போம்.

ஐந்து மானிகளின் கதை

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. போர்க்களத்துக்கான எளிய வண்டி அது. இரும்புக் கதவு கிடையாது. கூரை வெறும் கித்தான். அப்படிப்பட்ட வண்டியிலும் ஐந்து மானிகளை வைத்திருந்தார்கள்: வேகமானி, பெட்ரோல் மானி, வெப்பமானி, எண்ணெய் அழுத்தமானி, அம்மீட்டர். கதவைக்கூட வேண்டாம் என்று விட்டவர்கள் இந்த ஐந்தையும் விடவில்லை என்றால், அவற்றின் தேவை விளங்குகிறது அல்லவா?

1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்த ஜீப்பைப் பம்பாயில் ஒன்றுசேர்க்கத் தொடங்கியது. பின்னர் பல ஆண்டுகள் நம் நாட்டில் அரசு அலுவலக வண்டி என்றாலே ஜீப்தான். அதற்கு வேண்டிய மின் உறுப்புகளையும் மானிகளையும் செய்யும் தொழில்கள் தமிழ்நாட்டிலும் வளர்ந்தன. சென்னைப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் 1960களிலிருந்து டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றைச் செய்து வருகிறது. கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் 1970களில் தொடங்கிய பிரிக்கால் நிறுவனம் வண்டிகளுக்கான மானிகளையே தன் தொழிலாகக் கொண்டது. ஒர்க்ஷாப்புகளில் இவற்றை 'ஹீட் மீட்டர்', 'ஆயில் மீட்டர்' என்றே சொல்வார்கள்.

காலம் செல்லச் செல்ல, பல வண்டிகளில் எண்ணெய் அழுத்தமானியும் அம்மீட்டரும் மறைந்தன. அவற்றின் இடத்தில் இரண்டு சிறு சிவப்பு விளக்குகள் வந்தன. விளக்கு மலிவு, அதைப் புரிந்துகொள்ளப் பயிற்சி வேண்டாம், சமவெளியில் ஓடும் காருக்கு அது பெரும்பாலும் போதும். மலைக்குப் போகும் ஜீப்புக்கு அது போதுமா?

விளக்கும் முள்ளும்

உடம்பு சுடுகிறது என்று டாக்டரிடம் போகிறோம். அவர் வெப்பமானியை வைத்து 101 டிகிரி என்று குறிக்கிறார். மாலையில் 102, இரவில் 103 என்றால் நோய் ஏறுகிறது என்று அறிகிறார். இதற்குப் பதிலாக 105 டிகிரியில் மட்டும் எரியும் ஒரு விளக்கு அவரிடம் இருந்தால் என்ன ஆகும்? விளக்கு எரியும்போது நோயாளியின் நிலை கைமீறிப் போயிருக்கும்.

எஞ்சினுக்கும் இதுவே. எஞ்சினுக்குள் சுழலும் தண்டுகளுக்கும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் நடுவே, முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. அது இருக்கும் வரை உலோகத்தோடு உலோகம் உரசாது. எண்ணெயை அங்கே செலுத்துவது ஒரு சிறு பம்பு. நல்ல நிலையிலுள்ள பல எஞ்சின்களில், சூடேறி ஓடும்போது எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அளவில் இருக்கும். எச்சரிக்கை விளக்கோ பெரும்பாலும் 10 பவுண்டுக்கும் கீழே இறங்கிய பிறகுதான் எரியும். அழுத்தம் 40லிருந்து 30க்கும், 30லிருந்து 15க்கும் சரியும் நேரமெல்லாம் விளக்கு அணைந்தே கிடக்கும். முள்ளோ அந்தச் சரிவு முழுவதையும் கண்ணெதிரே காட்டும்.

ஆக, 'கெட்டுவிட்டது' என்ற செய்தியை விளக்கு சொல்கிறது. 'கெட்டுக்கொண்டிருக்கிறது' என்ற செய்தியை முள் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நேரத்தில்தான் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினைக் காப்பாற்ற முடியும்.

கொல்லிமலை ஏறும் ஜீப்பும் மூன்று குடம் நீரும்

திருச்சிக்கு வடக்கே பச்சைமலையும், வடமேற்கே நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையும் இருக்கின்றன. கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சித்திரை வெயிலில் ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள ஒரு ஜீப் அந்தச் சாலையில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஏறும் உயரத்தை 1,000 மீட்டர் என்று கொள்வோம்.

வண்டியை மேலே தூக்கச் செய்யும் வேலை, எடையையும் உயரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். 1,500 x 10 x 1,000 = 1,50,00,000 ஜூல், அதாவது ஒன்றரைக் கோடி ஜூல். எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலையாகிறது; ஒரு பங்கு புகையோடு போகிறது; மீதி ஒரு பங்கு குளிர்விக்கும் நீருக்குப் போகிறது. இது தோராயக் கணக்கு. ஆயினும் ஓர் உண்மை தெளிவாகிறது: மலை ஏறச் செய்த வேலைக்குச் சமமான வெப்பம் ரேடியேட்டர் நீரிலும் இறங்குகிறது.

ஒரு லிட்டர் நீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 2,94,000 ஜூல் தேவை. அப்படியானால் ஒன்றரைக் கோடி ஜூல் வெப்பம் 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்துவிடும். மூன்று குடம் நீருக்கும் மேல்! ஜீப்பின் குளிர்விப்பு அமைப்பில் இருப்பதோ ஏறத்தாழ 10 லிட்டர்தான். எனவே வெப்பத்தை உடனுக்குடன் காற்றில் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மலையில் வண்டி இரண்டாவது கியரில் மெல்லப் போகிறது. நெடுஞ்சாலையில் முகத்தில் வந்து மோதும் காற்று இங்கே இல்லை. விசிறி ஒன்றே துணை.

ஆகவேதான் மலைக்குப் போகும் வண்டியில் ஹீட் மீட்டர் முதலிடம் பெறுகிறது. பெரும்பாலான எஞ்சின்களில் 80 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறந்து, நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். முள் அந்த அளவில் நின்றால் நலம். ஏற்றத்தில் 95க்கு வந்து, சமதளத்தில் மீண்டும் இறங்கினால் அதுவும் இயல்பே. 95, 100, 105 என்று இறங்காமல் ஏறினால் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 1,200 மீட்டர் உயரத்தில் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் அங்கே குறைவு. இதைச் சமாளிக்கவே ரேடியேட்டருக்கு அழுத்த மூடி போடுகிறார்கள். உள்ளே அழுத்தம் இரண்டு வளிமண்டல அளவானால் நீர் 120 டிகிரி வரை கொதிக்காது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 110 டிகிரியில் உள்ள நீரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். அந்தக் கணமே நீர் கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று அடிமட்டத்துக்கு இறங்கினால் மகிழ்ந்துவிட வேண்டாம். மானியின் உணர்வி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் முழுவதும் ஒழுகிப் போயிருந்தால் உணர்வியைச் சுற்றி வெறும் காற்றுதான் இருக்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் மட்டும் 'குளிர்ச்சி' என்று சொல்லும்.

பொன்மலையிலும் அதே குழாய்

எண்ணெய் அழுத்தமானியைத் திறந்தால் உள்ளே கேள்விக்குறிபோல் வளைந்த தட்டையான செம்புக் கலவைக் குழாய் ஒன்று தெரியும். இதற்கு போர்டான் குழாய் என்று பெயர். யூஜீன் போர்டான் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குழாயின் ஒரு முனை மூடியிருக்கும். மறுமுனை வழியே எண்ணெய் அழுத்தம் உள்ளே வரும்போது குழாய் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும்.

திருவிழாக் கடைகளில் விற்கும் காகித ஊதலை ஊதியிருக்கிறீர்களா? சுருண்டிருக்கும் காகிதக் குழல், ஊதியதும் சுருள் அவிழ்ந்து நீள்கிறது. போர்டான் குழாயில் நடப்பதும் அதுவே.

மன்னார்புரத்துக்கு அருகிலுள்ள பொன்மலையில், 1928 முதல் இயங்கிவரும் ரயில்வே பணிமனை இருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கான புதிய நீராவி எஞ்சின்களைக்கூட அண்மை ஆண்டுகளில் அங்கே கட்டியிருக்கிறார்கள். நீராவி எஞ்சினின் கொதிகலன் அழுத்தத்தைக் காட்டும் பெரிய மானிக்குள்ளும் இதே போர்டான் குழாய்தான். ஜீப்பின் பழைய வகை ஹீட் மீட்டரிலும் அதைக் காணலாம். எஞ்சினில் செருகிய ஒரு குமிழில் ஈதர் திரவம் இருக்கும். அது வெறும் 35 டிகிரியிலேயே கொதிக்கக்கூடியது. சூடு ஏறினால் அதன் ஆவி அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் மெல்லிய குழல் வழியே மானிக்கு வந்து முள்ளைத் திருப்பும்.

இந்த வகை எண்ணெய் மானியைப் பொருத்துவதில் ஒரு கவனம் தேவை. சூடான எண்ணெய் குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வருகிறது. காட்டுப்பாதையின் அதிர்ச்சியில் குழாய் விரிசல் விட்டால் எண்ணெய் உங்கள் காலில் பீய்ச்சும். எஞ்சினும் எண்ணெயை இழக்கும். அதனால் செம்புக் குழாயை எஞ்சின் அருகே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதிர்ச்சி தாங்கும் சுருளாக விடுவார்கள். மின்சார வகையில் இந்தத் தொல்லை இல்லை. எஞ்சினில் ஒரு உணர்வியைத் திருகி, ஓர் ஒயரை மட்டும் டாஷ்போர்டுக்குக் கொண்டுவந்தால் போதும். அழுத்தத்துக்கோ வெப்பத்துக்கோ ஏற்ப உணர்வியின் மின்தடை மாறும். ஓடும் மின்னோட்டமும் மாறும். முள் அதைக் காட்டும். பெரும்பாலான உணர்விகளுக்கு எஞ்சினின் உடலே 'எர்த்'. ஆகவே திருகுமறையில் ஒழுகலைத் தடுக்க நாடாவைத் தாராளமாகச் சுற்றிவிட்டால் எர்த் கிடைக்காமல் மானி தவறாகக் காட்டும்.

அம்மீட்டரா, வோல்ட்மீட்டரா?

ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டரைத் தொடராகவும், வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பாகவும் இணைப்பீர்கள். ஏன் அப்படி என்று கேட்டால் பலரும் 'விதி அது' என்பார்கள். ஜீப்பில் அந்த விதியின் பொருள் நன்றாக விளங்கும்.

அம்மீட்டர், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போவதைத் தவிர்த்து, பேட்டரிக்கு வரும் போகும் மின்னோட்டம் முழுவதையும் தன் வழியே விடுகிறது. இதற்காகப் பேட்டரியிலிருந்து கனத்த ஒயர் ஒன்று டாஷ்போர்டு வரை வந்து திரும்ப வேண்டும். அதிர்ச்சியில் அதன் நட்டு தளர்ந்து, தொடும் இடத்தில் 0.05 ஓம் மின்தடை ஏற்பட்டுவிட்டது என்று கொள்வோம். 30 ஆம்பியர் ஓடினால் அங்கே பிறக்கும் வெப்பம் 30 x 30 x 0.05 = 45 வாட். பற்றவைக்கும் சூட்டுக்கோலின் சக்தி! அது உங்கள் முழங்காலுக்கு முன்னால், ரப்பர் உறைகளுக்கு நடுவே, டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும். பழைய டைனமோக்கள் 30 ஆம்பியர் அளவோடு நின்றன. இன்றைய ஆல்டர்னேட்டர்கள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தரக்கூடியவை.

வோல்ட்மீட்டரோ மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. மெல்லிய ஒயரும், ஓர் ஆம்பியர் ஃப்யூஸும் அதற்குப் போதும். அது தரும் செய்தியும் தெளிவானது. எஞ்சின் நின்றிருக்கையில் நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று பொருள். ஓடும்போதும் 12.2 என்று நின்றால், பேட்டரி மட்டுமே உழைக்கிறது. சிறிது நேரத்தில் அதுவும் ஓயும். அதனால்தான் கூடுதலாக ஒரு மின்மானி பொருத்த விரும்புவோர் இன்று பெரும்பாலும் வோல்ட்மீட்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முட்கள் சேர்ந்து பேசும்போது

நல்ல மருத்துவர் நாடியை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. நாக்கையும் கண்ணையும் பார்ப்பார். மானிகளையும் அப்படியே சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஜீப் மலை ஏறுகையில் ஹீட் மீட்டர் உயர்கிறது. வோல்ட்மீட்டர் 14லிருந்து 12.3க்கு விழுந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஏன்? பல எஞ்சின்களில் நீர்ப்பம்பு, விசிறி, ஆல்டர்னேட்டர் மூன்றையும் ஒரே ரப்பர் பெல்ட் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்துவிட்டது! பானெட்டைத் திறக்காமலே இரண்டு முட்கள் காரணத்தைச் சொல்லிவிட்டன.

இன்னொரு காட்சி. வெப்பம் ஏற ஏற எண்ணெய் அழுத்தம் மெல்லக் குறைகிறது. சூடான எண்ணெய் இளகி நீர்போல் ஓடும். பேரிங்கின் இடைவெளிகளில் எளிதாக வழிந்துவிடும். பாகு சூடாக இருக்கும்போது இளகி ஓடுவதும், ஆறினால் கெட்டிப்படுவதும் உங்களுக்குத் தெரியுமே! வெப்பம் இறங்கியதும் அழுத்தம் மீண்டால் கவலை இல்லை. வெப்பம் இயல்பாக இருந்தும் அழுத்தம் மட்டும் விழுந்தால் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது பம்பில் கோளாறு.

சரிவில் பொய் சொல்லும் மானி

பெட்ரோல் மானி, டாங்கில் மிதக்கும் ஒரு மிதவையின் உயரத்தை மட்டுமே அறியும். எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்பதை அது நேராக அறியாது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள டாங்கு 15 டிகிரி சரிவில் நின்றால், அதன் இரு முனைகளிலும் திரவ மட்டம் சுமார் 16 சென்டிமீட்டர் வேறுபடும். மிதவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து முள் 'நிறைவு' என்றும் காட்டும், 'காலி' என்றும் காட்டும். எனவே எரிபொருளைச் சமதளத்தில் நிறுத்திப் பார்ப்பதே சரி.

வேகமானியும் ஒரு விதத்தில் ஏமாறும். ஸ்ட்ராஸ்பர்கைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற வகை இது. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றுகிறது. காந்தம் கிண்ணத்தைத் தொடாமலே தன்னோடு இழுக்கிறது. மெல்லிய வில் அதைத் தடுக்கிறது. வேகம் கூடினால் இழுப்பும் கூடும். ஆனால் மானி எண்ணுவது சுற்றுகளைத்தான். 28 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றிவிட்டு, பாறை தாண்டுவதற்காக 31 அங்குல டயர் போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஓடும். முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 66. பிரேக் பிடிக்கும் தூரமும் அதற்கேற்ப நீளும்.

ஜீப்புகளில் சிலர் விரும்பிப் பொருத்துவது சாய்வுமானி. இதற்கு மின்சாரமே வேண்டாம். வளைந்த குழாயில் திரவமும் ஒரு குண்டும் போதும். நின்றிருக்கும் ஜீப் பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்தால் கவிழும்? இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். பாதித் தூரம் 62 சென்டிமீட்டர், உயரம் 65 சென்டிமீட்டர் என்றால் கவிழும் கோணம் சுமார் 44 டிகிரி. கூரைமேல் மூட்டைகளை ஏற்றி ஈர்ப்பு மையம் 90 சென்டிமீட்டருக்கு உயர்ந்தால் அதே ஜீப் 35 டிகிரியிலேயே கவிழும். ஓடும்போதும் திரும்பும்போதும் அதற்கும் முன்பே. மானியின் முகத்தில் அச்சிட்ட கோணம் உங்கள் மூட்டைகளை அறியாது!

ஒரு விளக்கு, ஒரு ஒயர், ஒரு ஃப்யூஸ்

மானிகளுக்கு அடுத்தபடி ஜீப்புகளில் சேர்ப்பது பனிவிளக்கு. 55 வாட் இழை விளக்குகள் இரண்டு என்று கொள்வோம். மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9.2 ஆம்பியர். வீட்டில் 230 வோல்ட்டில் இதே 110 வாட்டுக்கு அரை ஆம்பியர்கூட ஓடாது. வண்டியில் மின்னழுத்தம் குறைவு. அதனாலேயே மின்னோட்டம் அதிகம். 'வெறும் 12 வோல்ட்தானே' என்று எண்ணுவது எவ்வளவு தவறு பாருங்கள்.

பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக முன்விளக்கு வரை 4 மீட்டர் ஒயர் தேவை. அதற்கு 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் போட்டால் மின்தடை சுமார் 0.14 ஓம். ஒயரிலேயே 1.3 வோல்ட் இழப்பாகும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழை விளக்கின் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய ஒளியை ஒயரே விழுங்குகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்தான்.

இதைவிட நல்ல வழி ரிலே. தந்திக் காலத்தில் பிறந்த கருவி அது. அதன் மேல் 30, 85, 86, 87 என்ற எண்கள் இருக்கும். 85க்கும் 86க்கும் இடையில் ஒரு மின்காந்தச் சுருள். அதற்கு 0.2 ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் போதும். சுருள் காந்தமானதும் 30ஐயும் 87ஐயும் இணைக்கும் கனத்த தொடுமுனை மூடிக்கொள்ளும். டாஷ்போர்டுக்கு மெல்லிய ஒயரும் சிறு சுவிட்சும் போதும். விளக்கின் 9 ஆம்பியரும் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் விளக்குக்குப் போகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஃப்யூஸ். மேலே சொன்ன மெல்லிய ஒயர், பாதி வழியில் தகட்டின் விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்து, வண்டியின் உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் ஒயரின் மின்தடை 0.07 ஓம், பேட்டரியின் உள் மின்தடை 0.01 ஓம் என்று கொள்வோம். ஓடும் மின்னோட்டம் 12 ÷ 0.08 = 150 ஆம்பியர். ஒயரில் பிறக்கும் வெப்பம் 1,500 வாட்டுக்கும் மேல். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் வெப்பம் ஒரு நூல் கனமுள்ள ஒயரில்! சில நொடிகளில் உறை உருகிப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் பெட்ரோல் குழாயும் இருக்கலாம்.

9.2 ஆம்பியர் எடுக்கும் விளக்குகளுக்கு, அதைத் தாங்கும் கனமான ஒயரோடு 15 ஆம்பியர் ஃப்யூஸ் பொருத்தமானது. அதைப் பேட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். ஃப்யூஸ் தனக்குப் பின்னால் உள்ள ஒயரைத்தான் காக்கும். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவிலுள்ள பகுதிக்குக் காவல் இல்லை. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். அடிக்கடி ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸ் மாற்றுவதும், கம்பியைச் சுற்றி வைப்பதும் நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும்.

இன்றைய வண்டிகளில்

புதிய ஜீப் வகை வண்டிகளில் எஞ்சினைக் கணிப்பொறி ஆள்கிறது. வெப்பம், வேகம், மின்னழுத்தம் எல்லாம் அதற்குத் தெரியும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சோதனைச் செருகியில் ஒரு கருவியை இணைத்தால், பல அளவுகளை எந்த ஒயரையும் வெட்டாமலே படிக்கலாம். இத்தகைய வண்டியில் கண்ட ஒயரை வெட்டி ஒட்டுவது கணிப்பொறியைக் குழப்பும். காற்றுப்பை விரியும் இடத்தில் மானியைப் பதித்தால், விபத்தின்போது அந்த மானியே முகத்தை நோக்கிப் பறந்து வரும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடை செய்கிறது. பெரிய மாற்றம் எதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே செய்ய வேண்டும்.

மானி பொருத்தியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் ஒரு வாரம், காலையில் கிளப்பியதும், வெயிலில் ஓடும்போதும், ஏற்றத்திலும் ஒவ்வொரு முள்ளும் எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது இயல்பு என்று தெரிந்தால்தான் இயல்பு மீறுவது கண்ணில் படும். அது தெரியாதவருக்குப் பத்து மானிகள் இருந்தும் பயனில்லை.

செய்து பாருங்கள்

ஒரு தட்டையான பாட்டிலில் பாதியளவு வண்ண நீர் ஊற்றிப் படுக்க வையுங்கள். இரு முனைகளிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனைக்குக் கீழே புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து, மீண்டும் குறியுங்கள். பெட்ரோல் மானியின் பொய் விளங்கும். மிதவையைப் பாட்டிலின் எந்த இடத்தில் வைத்தால் பொய் மிகக் குறைவாக இருக்கும்?

அலுமினியக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அதனுள் ஒரு சிறு வலுவான காந்தத்தைப் போடுங்கள். பிறகு அதே அளவு இரும்புத் துண்டைப் போடுங்கள். எது மெல்ல விழுகிறது? வேகமானியின் கிண்ணத்தை இழுப்பதும் அதே விசைதான்.

விடை சொல்லுங்கள்

1. ஹீட் மீட்டரும் வோல்ட்மீட்டரும் இயல்பாக இருக்கின்றன. வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது மட்டும் எண்ணெய் அழுத்தம் விழுந்து, நேரானதும் மீள்கிறது. ஏன்?

2. முகப்பு விளக்கைப் போட்டதும் பெட்ரோல் மானி, ஹீட் மீட்டர் இரண்டின் முட்களும் சேர்ந்து துள்ளுகின்றன. எங்கே கோளாறு?

3. ஓடும்போது வோல்ட்மீட்டர் 16 காட்டுகிறது. இது நல்லதா?

விடைகள்: 1. எண்ணெய் குறைந்திருக்கிறது. சாயும்போது அது ஒரு பக்கம் ஒதுங்க, பம்பின் உறிஞ்சுவாய் காற்றை இழுக்கிறது. 2. டாஷ்போர்டின் எர்த் இணைப்பு தளர்ந்திருக்கிறது. விளக்கின் மின்னோட்டம் திரும்ப வழியின்றி மானிகளையும் பாதிக்கிறது. 3. நல்லதன்று. ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். விளக்குகளும் விரைவில் போய்விடும்.